நீயே எழுதிக்கொண்டு வா

இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். அங்கே இல்லை, எனக்கு வலது பக்கம். இடது காது கேட்காது. அந்தப் பக்கமிருந்து பேசினால் மரியாதைக்குத் தலையாட்டுவேனே தவிர ஒரு சொல் உள்ளே போகாது.

சாட்சி சொல்லத்தானே வந்திருக்கிறீர்கள்? நானும்தான். முதல் சாட்சி. அடி வாங்கியவனைத்தானே முதலில் கூப்பிடுவார்கள். உங்கள் கையைப் பார்த்தேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்த இரண்டு விரல்... வாய்க்கால் தகராறா? பங்காளியா? அரிவாளா? அடப் பாவமே. சரி, உங்களை வெட்டியவருக்குப் படிப்பு இல்லை, கோபம் வந்தது, வீசிவிட்டார். என்னை அடித்தவன் எம்.எஸ்சி. முதல் வகுப்பு. அதில்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

அதோ, டைப் அடிக்கிறவரின் குடைக்குப் பக்கத்தில் நிற்கிறானே, கட்டம் போட்ட சட்டை. அவன்தான், மாசானம். கீழே உட்கார்ந்திருப்பது அவன் அம்மா. பாதத்தைப் பாருங்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படித்தான் வெளுத்து வெடித்துப் போகும். இப்போது பார்க்காதீர்கள். திரும்புகிறான்.

நான் தாவரவியல் பேராசிரியர். தில்லைநாயகம் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ஆராய்ச்சி மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். பதினோரு பேர் என்னிடம் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வருடமாக என்னை நானே நிறையக் கேள்வி கேட்டுக்கொள்கிறேன். எங்கே தவறினேன், எங்கே தவறினேன் என்று. இரக்கப்பட்டதுதான் தவறு என்று தோன்றுகிறது.

எங்கள் காலத்தில் இப்படியா? என் வழிகாட்டி ஒருநாள் கொதிக்கக் கொதிக்க டீயை என் கைமேல் ஊற்றினார். அட்டவணையில் ஓர் எண் தப்பாகிவிட்டது என்று. இதோ பாருங்கள் தழும்பு, இன்னும் முடி முளைக்கவில்லை. அவர் படம் இன்றைக்கும் என் வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது. என் மனைவிக்குப் பிடிக்காது. "அந்த ஆளக் கழட்டி வைங்க" என்பாள். நான் விடவில்லை.

மாசானம் என்னிடம் சேர்ந்தபோது உமரிச் செடியை எடுத்துக்கொண்டு வந்தான். உப்பளத்து வரப்பில் சிவப்பாகக் குட்டையாக முளைத்துக் கிடக்குமே, அதுதான். "சார், எல்லாச் செடியும் உப்புல சாவுது, இது மட்டும் எப்படி சார் உப்பக் குடிச்சிட்டு நிக்குது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. சேர்த்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு ஆய்வகத்தைத் திறப்பான். ஆராய்ச்சியைத் தவிர என் சொந்த வேலைகள் எல்லாமும் அவன்தான். மின்சாரக் கட்டணம், என் பையனின் காலேஜ் ஃபீஸ் சலான், என் மெயில். எனக்கு அந்த மெயில் சமாச்சாரம் பிடிபடாது. பாஸ்வேர்டை அவனிடமே கொடுத்துவிட்டேன். எனக்கு வருவதை அவன் படித்துச் சொல்வான், நான் சொல்வதை அவன் அடித்து அனுப்புவான். நான்கு வருடம். இதிலேயே தெரியவில்லையா, நான் அவனை எவ்வளவு நம்பினேன் என்று?

ஒரே ஒரு தடவை அவன்மேல் கை வைத்தேன். ஆகஸ்ட் மாதம், திங்கட்கிழமை. நூற்று நாற்பது உமரிக் கன்றுகள், சூடும் வெளிச்சமும் சீராக வைக்கிற ஒரு குளிர்பெட்டிக்குள் வளர்ந்துகொண்டிருந்தன. ஏழு மாத வேலை. திங்கட்கிழமை திறந்து பார்த்தால் பெட்டி அணைந்து கிடக்கிறது, கன்று அத்தனையும் கருகிச் சாய்ந்து நாறுகிறது. கூப்பிட்டேன். வந்தான். "சார், நீங்கதான் சனிக்கிழமை..." என்று ஆரம்பித்தான். வழிகாட்டியை நோக்கி "நீங்கதான்" என்று ஒரு மாணவன் ஆரம்பிக்கலாமா? ஓர் அறை. ஒன்றே ஒன்றுதான். காது ஓரமாக விழுந்துவிட்டது. அப்படியே செடிகளின்மேல் சாய்ந்தான்.

அப்புறம் எங்கள் ஆய்வக உதவியாளர் சங்கிலி வந்து காதைக் கடித்தார். "ஐயா, சனிக்கெழம வோல்ட்டேஜ் சரியில்லன்னு மெசின அமத்தச் சொன்னது நீங்கதான. நானும் பக்கத்துலதான நின்னேன்." சொல்லியிருக்கலாம். எனக்கு நினைவில்லை. நினைவில்லாத ஒன்றை ஒப்புக்கொள்வதும் ஒரு பொய்தானே? சங்கிலியிடம் அதைச் சொன்னேன். அவர் யோசித்தார். இப்போது அவருக்கும் நினைவில்லை. ஓய்வு பெற்றுவிட்டார், பென்ஷன் காகிதத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

மாசானம் மறுநாள் எட்டு மணிக்கு வந்து புது விதை போட்டான். காதில் பஞ்சு. ஜவ்வு கிழிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். அதெல்லாம் டாக்டர்கள் சொல்வது. அதற்குப் பிறகு அவனிடம் ஒரு பழக்கம் வந்தது. நான் பேசும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு கேட்பான். அலட்சியம் என்று நினைத்துக் கொஞ்ச நாள் திட்டினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஒரு வெளிநாட்டு உதவித்தொகையைக் கண்டுபிடித்தான். கடலோரத்து உப்பு நிலத்தில் விவசாயம் செய்வதற்கான ஆராய்ச்சி. இரண்டு வருடம், நெதர்லாந்தில். உலகம் முழுக்க ஆறு பேருக்குத்தான். நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதில் உட்கார்ந்து ஒரு வருடமாகத் தேடியிருக்கிறான். எதற்கு எந்தத் தேதி கடைசி, எதற்கு எத்தனை நகல், எதில் வயது தாண்டிவிட்டது என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தான். பதினான்கு இடத்துக்குப் போட்டு பதினான்கும் போயிற்று. பதினைந்தாவது இது. முதல் சுற்றில் தேறிவிட்டான். இரண்டாவது சுற்றுக்கு வழிகாட்டியின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அது இல்லாமல் முடியாது.

வந்து நின்றான். "சார், ஒரு லெட்டர்..."

"நீயே எழுதிக்கொண்டு வா. பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எங்கள் இடத்தில் இது வழக்கம். எந்தப் பேராசிரியரும் சிபாரிசுக் கடிதத்தைத் தன் கையால் எழுதுவதில்லை, எங்கே நேரம்? மாணவன் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டு வருவான், நாங்கள் கீழே கையெழுத்துப் போடுவோம். வெட்கமே இருக்காது அவர்களுக்கு. முன்னால் போனவன் எழுதியதை அடுத்தவன் அப்படியே பார்த்து எழுதுவான். ஒரு பையனுக்கு, ஆங்கிலத்தில், முதலிலிருந்து கடைசிவரை "அவள்", "அவள்" என்றே இருந்த கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவனுக்குக் கிடைத்தும் விட்டது. இப்போது கனடாவில் இருக்கிறான்.

மாசானத்திடம் மட்டும் ஒன்று சொன்னேன். "அளந்து விடாதே. உண்மையை எழுது. நான் வாயைத் திறந்தால் என்ன சொல்வேனோ அதை எழுது."

நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்தான். கையால், தமிழில், ஒரே ஒரு தாள். "நீங்க சரின்னு சொன்னா இங்கிலீஷ்ல மாத்திருதேன் சார்" என்றான். படித்தேன். எனக்குக் கண் இருட்டிவிட்டது. என்ன எழுதியிருந்தான் என்பதை அப்புறம் சொல்கிறேன். என் பெயரில், நான் பேசுவதுபோல, என்னை அசிங்கப்படுத்தி எழுதியிருந்தான். அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். மிரட்டல் இல்லாமல் வேறென்ன?

ஆனால் நான் ஒன்றும் செய்யவில்லை பாருங்கள். கை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "போ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. எதற்கு மலர்ந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

பிறகு நான் உட்கார்ந்து எழுதினேன். இருபத்திரண்டு வருடத்தில் என் கையால் நான் எழுதிய ஒரே சிபாரிசுக் கடிதம் அதுதான். மூன்று நாள் எடுத்தது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து எழுதினேன். உழைப்பாளி என்று எழுதினேன். நேரம் தவறாதவன் என்று எழுதினேன். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், "இவனிடம் அடங்கிக் கிடக்கும் ஒரு கோபம் இருக்கிறது, பலர் சேர்ந்து வேலை செய்யும் ஆய்வகத்தில் இவனை வைத்துக்கொள்வது பாதுகாப்பானதா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது" என்று ஒரு வரி. ஒரே வரி. அது பொய்யா? இதோ என் காது. நீங்களே சொல்லுங்கள், பொய்யா?

அலுவலகத்தில் டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, பென் டிரைவில் போட்டு அவனிடமே கொடுத்தேன். "என் மெயிலுக்கு வந்த லிங்க்கில் ஏற்றிவிடு. திறந்து பார்க்கக் கூடாது" என்றேன்.

"சரி சார்."

ஏற்றிவிட்டான். திறந்து பார்க்கவில்லை. பாஸ்வேர்ட் அவனிடம். கடிதம் அவன் கையில். ஒரு நொடி திறந்திருந்தால் போதும், அதை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றியிருக்கலாம், எனக்குத் தெரியவே வந்திருக்காது. பார்க்கவில்லை. முட்டாள். நான் அதை நினைத்துப் பலநாள் தூங்கவில்லை. முட்டாள் என்றால் முட்டாள்.

கிடைக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் பதினைந்தாவது வரியையும் அடித்துவிட்டுப் பதினாறாவது எழுதத் தொடங்கினான்.

ஆறு மாதம் கழித்து நான்தான் கெடுத்துக்கொண்டேன். வேறொரு மாணவிக்குக் கடிதம் வேண்டும் என்று, "போன வருஷம் உனக்குக் கொடுத்தேனே, அந்தக் கடிதத்தின் மேல்பகுதியை எடுத்து அவளுக்குக் கொடு" என்று சொல்லிவிட்டேன். என்ன எழுதினேன் என்பதே எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது. உண்மையாகவே மறந்துபோயிருந்தது.

நான் செடிகளைப் பாடம் செய்யும் அறையில் இருந்தேன். பறித்த செடியை உறிஞ்சு தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலும் கீழும் கனமான தேக்குப் பலகை வைத்து, தோல் வாரால் இறுக்கிக் கட்டுவோம். அதை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தான். கதவைச் சாத்தினான். என் முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"சார், எனக்குக் கோவம் வருமா?" என்று கேட்டான்.

"என்னல பேச்சு இது? எந்திரி."

"நாலு வருசத்துல ஒருநா உங்க முன்னால சத்தமா பேசியிருக்கனா சார்? அத மட்டும் சொல்லுங்க. ஒருநா."

"இப்ப பேசுதியே" என்றேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆமாம், சிரித்தேன். "நான் எழுதினது சரிதான்னு நீயே காட்டுத பாரு."

அவன் மேஜையிலிருந்த பலகையை எடுத்தான். அவசரம் இல்லை. இரண்டு கையாலும் எடுத்தான். நான் எழுந்திருப்பதற்குள் இடது பக்கம் இறங்கியது. மண்டைக்குள் ஒரு பித்தளைப் பானையைப் போட்டு உடைத்த மாதிரி சத்தம். அந்தக் காதால் நான் கேட்ட கடைசிச் சத்தம் அதுதான். விழுந்தேன். நாற்காலியோடு விழுந்தேன். இரண்டாவது அடி தோளில். எலும்பு நகர்ந்தது எனக்குத் தெரிந்தது. மூன்றாவதற்கு ஓங்கினான், நான் கையால் மறைத்தேன், இந்தச் சுண்டுவிரல் அப்போது மடங்கியதுதான், இன்னும் நிமிரவில்லை. ரத்தம் உமரிச் செடி ஒட்டிய தாள்கள்மேல் எல்லாம். வாயில் ஒரு பல் தனியாகக் கிடந்தது. அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. திட்டவில்லை. மூச்சு மட்டும், மரம் அறுக்கிற மாதிரி.

பிறகு பலகையைக் கீழே வைத்தான். வைத்தான், போடவில்லை. உறிஞ்சு தாளை ஒரு கற்றை எடுத்து என் காதில் அழுத்தி, அந்தத் தோல் வாரால் தலையைச் சுற்றிக் கட்டினான். ஆம்புலன்ஸுக்கு அவனே போன் செய்தான். வண்டியில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். "ஆட்டாதீங்க சார், ஆட்டாதீங்க சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பயம். போலீஸ் பயம், வேறென்ன.

ஸ்டேஷனில் அவனை இரண்டு நாள் நன்றாகக் கவனித்தார்கள் என்று கேள்வி. உள்ளங்காலில். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்த போலீஸ் அதிகாரி என் பழைய மாணவனுக்கு அண்ணன். "என்ன செய்யணும் சார்?" என்று கேட்டார். "உங்களுக்குத் தெரியாததா" என்றேன். அவ்வளவுதான். அதை ஒரு உத்தரவு என்று யாராவது சொல்ல முடியுமா?

நான் எழுதியது பலித்துவிட்டது என்று துறையில் எல்லாரும் சொன்னார்கள். "எப்படி சார் முன்னாடியே கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சந்தோஷமா என்று கேட்டால், தெரியவில்லை.

இப்போது அவனுக்கு மறுபடி ஓர் இடம் கிடைத்திருக்கிறது. பதினாறாவது. வேறு பல்கலைக்கழகத்தில் ஓர் அம்மையார் அவனை மாணவனாக எடுத்துக்கொண்டு, தானே கடிதம் எழுதிக் கொடுத்தாராம். செப்டம்பரில் போய்ச் சேர வேண்டும். தண்டனை என்று ஆகிவிட்டால் பாஸ்போர்ட் இல்லை, படிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. உப்பளம்தான். எல்லாம் நான் இன்றைக்கு உள்ளே என்ன சொல்கிறேன் என்பதில் இருக்கிறது. அவன் வக்கீல் நேற்று என் வக்கீலிடம் சொல்லியிருக்கிறார்: "உங்க புரொபசர் முதல்ல அடிச்சார்னு காட்டினா போதும் சார், நீதிபதி கொஞ்சம் இரங்குவாரு." காட்டட்டுமே. யார் பார்த்தார்கள்? சங்கிலிக்கு நினைவில்லை.

அதற்குச் சாட்சி என்று இருப்பது அந்தக் கடிதம் ஒன்றுதான். அவன் கைப்பட எழுதி என்னிடம் கொடுத்தானே, அது. அவனிடம் நகல் இல்லை. ஆனால் வக்கீலிடம் சொல்லியிருக்கிறான். இன்றைக்குக் கூண்டில் நிற்கும்போது கேட்பார்கள், அப்படி ஒரு கடிதம் உங்களிடம் இருக்கிறதா என்று.

கிழித்துப் போட்டிருக்கலாம். என் மனைவி அதைத்தான் கேட்டாள். எத்தனையோ தடவை கையில் எடுத்தேன். அடுப்புவரை கொண்டுபோனேன். முடியவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நானே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது. மடிப்பில் நைந்துவிட்டது, மெதுவாகப் பிரிக்க வேண்டும். காதைக் கொடுங்கள், மெல்லப் படிக்கிறேன்.

"மாசானம் என்னிடம் நான்கு ஆண்டுகளாக ஆய்வு செய்கிறான். உப்பு மண்ணில் வளரும் செடிகளை இவன் அளவுக்குத் தெரிந்தவர்கள் எங்கள் துறையில் இல்லை, என்னையும் சேர்த்து. ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை, என் தவறால் செத்துப்போன கன்றுகளுக்காக நான் இவனைச் செடி அழுத்தும் பலகையால் இரண்டு முறை அடித்தேன். இவனுக்கு இடது காது இப்போது பாதிதான் கேட்கும். மறுநாள் எட்டு மணிக்கு இவன் வந்து புது விதை போட்டான். அதைப் பற்றி என்னிடம் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இவன் பொறுமைக்கு என்னிடம் இருக்கும் சான்று இது. எனக்கு இவனிடம் மன்னிப்புக் கேட்க வரவில்லை. இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வருகிறது. இவனுக்கு இந்த உதவித்தொகையைக் கொடுங்கள்."

அவ்வளவுதான். கீழே என் பெயர், என் பதவி. கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறான் பாருங்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பலகை என்றா? கையில் பலகை இருந்தது, அறையும்போது அதன் ஓரம் பட்டிருக்கும். இரண்டு என்பது அவன் கணக்கு. எனக்கும் இடது, அவனுக்கும் இடது, அதுவும் தற்செயல்தான். ஒரு மாணவன் தன் ஆசிரியரின் வாயில் இப்படி வார்த்தையைப் போடலாமா? நான் இப்படிப் பேசுவேனா? இந்தக் கடிதத்தில் இருக்கிறாரே ஒரு பேராசிரியர், அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட நான் அவரைப் பார்த்ததில்லை.

என்ன? என்னையா கூப்பிட்டார்? மூன்று தடவை கூப்பிட்டாரா? அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் எனக்கு எப்படிக் கேட்கும்? வந்துவிட்டேன், வந்துவிட்டேன் என்று கையைக் காட்டுங்கள்.

ஒரு உதவி. இதைக் கொஞ்சம் வைத்திருங்கள். மூன்று விரலானாலும் பிடித்துக்கொள்வீர்கள். நான் வெளியே வந்ததும் வாங்கிக்கொள்கிறேன். உள்ளே, அந்தக் கடிதம் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டால், என்னிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அரை மணி ஆகும். அதற்குமேலும் ஆகலாம். எழுந்து எங்கேயும் போய்விடாதீர்கள். அவனிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். கட்டம் போட்ட சட்டை என்று சொன்னேனே, டைப் அடிக்கிறவரின் குடைக்குப் பக்கத்தில். அவன் வக்கீல் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர், அடுத்த தூணருகே நிற்கிறார். இங்கிருந்து பத்து அடிதான்.

பத்திரம். மடிப்பில் கிழிந்துவிடப் போகிறது.